அணையாத ஏபிஎஸ் விளக்கு: ஷோரூமா, ஸ்கேனர் பட்டறையா, வீட்டு வாசலா?

போன ஐப்பசி மழையில் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் காரில் இறங்கிக்கொண்டிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியிருக்கும். மீட்டரில் ஆரஞ்சு நிறத்தில் ஏபிஎஸ் (ஓங்கி பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தது. பிரேக் பிடிக்கிறது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கவில்லை, சத்தமும் இல்லை. அடிவாரத்தில் நிறுத்தி, சாவியை அணைத்து மறுபடி போட்டேன். விளக்கு அணைந்தது. கோரிமேடு பக்கம் ஒரு சந்தில் திரும்பியதும் மீண்டும் எரிந்தது.

அடுத்த பத்து நாளில் நான்கு பேர் நான்கு வழி சொன்னார்கள். மாமா, "பிரேக்கு பிடிக்குதில்ல மாப்ள, அந்த பல்பைக் கழட்டிப் போட்டுட்டு வேலையைப் பாருங்க" என்றார். நண்பர் ஒருவர் வண்டியில் பதிவாகும் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை ஆன்லைனில் வாங்கி நானே பார்க்கலாம் என்றார். ஷோரூம் சர்வீஸில் ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற எஸ்டிமேட் கொடுத்தார்கள், நாற்பதாயிரத்துக்கு மேல். கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு பட்டறைக்காரர் எதையும் கழற்றாமல், "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்ணா" என்றார். நான்கையும் நான் கடந்து வந்திருப்பதால், எது யாருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடிகிறது.

முதலில் ஒன்று. ஆரஞ்சு ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால், சாதாரண பிரேக் அப்படியே இருக்கிறது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வேலை மட்டும் நின்றுவிட்டது என்று பொருள். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. பிரேக் ஆயில் இறங்கியிருக்கலாம், அல்லது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் இபிடி நின்றிருக்கலாம். இரண்டும் சேர்ந்து எரியும் வண்டியை மலையில் ஓட்டாதீர்கள். இறக்கத்தில் இருந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு, பழுதான வண்டியை ஏற்றிப் போகும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

மாமா சொன்ன வழியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஊரில் அதிகம் பேர் செய்வது அதுதான். பல்பை மறைப்பது, அல்லது ஃப்யூஸையே பிடுங்குவது. செலவு இல்லை, ஐந்து நிமிட வேலை. மாமா ஓட்டிப் பழகிய காலத்து வண்டிகளில் ஏபிஎஸ் கிடையாது, அவர் பத்திரமாகத்தான் ஓட்டினார். ஆனால் அந்த வண்டிகள் பலவற்றில் பின் சக்கர பிரேக் அழுத்தத்தைக் குறைக்கத் தனியாக ஒரு வால்வு இருந்தது. இப்போதைய கார்கள் பெரும்பாலானவற்றில் அந்த வால்வு இல்லை. அந்த வேலையையும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் இருக்கும் இபிடிதான் செய்கிறது. ஃப்யூஸைப் பிடுங்கினால் ஏபிஎஸ்ஸோடு அதுவும் போய்விடும். இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிறது. ஈர ரோட்டில் லேசான பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டியின் வால் சுற்றிவிடும். வளைவின் வெளிப்பக்கம் பள்ளம். நம் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். அதை நாமே கழற்றி வைப்பதற்குக் காரணமே இல்லை. மாமாவிடமும் இதையேதான் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், "அப்ப சரி பண்ணிடுங்க" என்றார்.

பல்பைக் கழற்றாமல் விளக்கு எரிய எரிய ஓட்டுவது அதற்குப் பரவாயில்லை. ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய் வருபவர், முன்வண்டியோடு இடைவெளி விட்டு ஒரு வாரம் ஓட்டலாம். மலை ஏறுபவருக்கு அந்த ஒரு வாரமும் கூடாது.

இனி வீட்டு வாசல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் காசே இல்லாமல் பாதிக் கேள்விகளுக்கு இங்கேயே விடை கிடைக்கிறது.

விளக்கு எப்போது எரிகிறது என்பதுதான் முதல் துப்பு. சாவி போட்டதும் எல்லா வண்டியிலும் அது எரியும், சில நொடியில் அணைய வேண்டும். அணையவே அணையாவிட்டால் முழுதாக அறுந்த வயர், போன ஃப்யூஸ், யூனிட் கோளாறு என்ற பக்கம் சந்தேகம் போகும். அணைந்து, வண்டி நகர்ந்ததும் எரிந்தால், ஏதோ ஒரு சக்கரத்திலிருந்து வேகக் கணக்கு சரியாக வரவில்லை. என் வண்டி இரண்டாவது ரகம். அதிலும் நேராகப் போனால் எரியாது, திரும்பினால் எரியும். இதை நான் அன்றே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் பத்து நாள் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து பேட்டரி. இன்ஜின் அணைந்து கொஞ்ச நேரம் ஆனபின் 12.6 வோல்ட் அருகிலும், ஓடும்போது 14 வோல்ட் அருகிலும் இருக்க வேண்டும். வோல்டேஜ் தளர்ந்தால் ஏபிஎஸ் யூனிட் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றி மூடிவிட வேண்டாம். ஒன்று பிரேக் பேட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கேயோ கசிகிறது. பின்னால் ஒருவரை நிற்க வைத்து பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள், சில வண்டிகளில் அந்த ஸ்விட்ச் பழுதானாலும் ஏபிஎஸ் விளக்கு வரும். நான்கு டயரும் ஒரே அளவா? ஒரு சக்கரத்தில் மட்டும் வேறு அளவு டயர் இருந்தால் அது சுற்றும் கணக்கு மாறும், யூனிட் அதைக் கோளாறு என்றே எடுத்துக்கொள்ளும்.

பிறகு சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, அதன் வேகத்தை அளக்கும் சென்சாரையும் சென்சாரின் வயரையும் பாருங்கள். சில சென்சார்களில் காந்தம் உண்டு, பிரேக்கிலிருந்து தேயும் இரும்புத் தூள் அதில் அப்பிக்கொள்ளும். அதோடு நம்மூர்ச் செம்மண் சேறும் சேர்ந்தால் களிம்பு மாதிரி படிந்துவிடும். சுத்தமான துணியால் துடைத்தால் போதும், உப்புக் காகிதம் போடக்கூடாது, வயரை இணைக்கும் கப்ளர் மேல் பிரஷர் தண்ணீர் அடிக்கக்கூடாது. காபித் தோட்டத்துக்குள் வண்டி நிறுத்துபவர்கள் எலிக் கடியையும் தேடிப் பாருங்கள். வயரின் மேல் தோலில் பல் தடம் இருந்தால் அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

ஸ்கேனர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜினின் கோளாறுக் குறியீடுகளை, அதாவது 'கோடு'களை, மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் கோடுகள் 'சி' எழுத்தில் தொடங்குபவை. உங்கள் வண்டி கம்பெனியின் ஏபிஎஸ்ஸைத் திறக்கும் செயலி இல்லாவிட்டால் அவை கண்ணிலேயே படாது. நண்பர் வாங்கிக் கொடுத்ததில் 'கோளாறு எதுவும் இல்லை' என்று வந்தது. விளக்கோ எரிந்துகொண்டே இருந்தது. மல்டிமீட்டரிலும் கவனம் வேண்டும். பழைய ரக இரண்டு வயர் காயில் சென்சாரில் ஓம் அளக்கலாம், ஏறத்தாழ ஆயிரம் ஓம் பக்கம் காட்டும். புது ரக ஆக்டிவ் சென்சாருக்குள் எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, அதில் ஓம் அளப்பது பயனில்லை, கெடவும் வாய்ப்புண்டு.

ஷோரூமுக்கு வருகிறேன். வாரண்டி இருக்கும் வண்டிக்கு வேறு யோசனையே வேண்டாம், நேராக அங்கே போங்கள். யூனிட் உண்மையிலேயே பழுது என்றாலும் அவர்களே சரி. புது யூனிட்டை வண்டிக்குப் பதிவு செய்ய வேண்டும், ஸ்கேனர் வழியாக அதன் வால்வுகளை இயக்கி, பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே எடுக்க வேண்டும். எல்லாப் பட்டறையிலும் அது நடக்காது. ஆனால் வந்து வந்து போகும் கோளாறுகளுக்கு அவர்கள் முறை இடம் கொடுக்கவில்லை, குறைந்தது நான் போன இடத்தில். வண்டியை நிறுத்தி வைத்து ஸ்கேன் செய்தார்கள். கோடு பழைய பதிவாக இருந்தது. நிற்கும் வண்டியில், நேராக இருக்கும் சக்கரத்தில் அளந்தபோது சென்சார் நன்றாகவே இருந்தது. "சென்சார் ஓகே சார், அப்ப யூனிட்தான்" என்று முடித்துவிட்டார்கள். வளைவில் திரும்பும்போது எரிகிறது என்று நான் சொன்னது ஜாப் கார்டில் ஏறவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. மலையில் குடியிருப்பவருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வண்டியை விட ஒரு நாள், எடுக்க ஒரு நாள் என்று பழுதான வண்டியோடு ஏறி இறங்க வேண்டும்.

கொண்டலாம்பட்டிக்காரர் பல கம்பெனி வண்டிகளையும் பார்ப்பவர். அவரிடம் இருந்த ஸ்கேனர் ஷோரூம் அளவுக்கு ஆழமானதல்ல, ஆனால் நான்கு சக்கரத்தின் வேகத்தையும் ஓடும்போதே திரையில் காட்டும். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். இருபது கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போனபோது நான்கு எண்களும் ஒன்றாகவே இருந்தன. "முழுசா வலப்பக்கம் ஒடிங்கண்ணா" என்றார். ஒடித்தேன். இடது முன் சக்கரத்தின் எண் மட்டும் சட்டென்று பூஜ்யமானது, விளக்கு எரிந்தது. நேராக்கி, சாவியை அணைத்துப் போட்டு மறுபடி ஒடித்தோம். மறுபடி அதே பூஜ்யம்.

சென்சார் வயர் ஷாக் அப்சார்பர் மேல் கிளிப் போட்டுப் போகும் இடத்தில் உள்ளே செம்பு முறிந்திருந்தது. மேல் தோல் அப்படியே இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. நேராக இருந்தால் முனைகள் ஒட்டிக்கொள்ளும், சக்கரம் முழுதாக ஒடியும்போது வயர் இழுபட்டுப் பிரியும். சமவெளியில் ஓடும் வண்டி இவ்வளவு ஒடிவது பார்க்கிங்கில் மட்டும்தான். ஏற்காட்டு வண்டிக்கு ஒவ்வொரு ஏற்றத்திலும் இருபது முறை, இறக்கத்தில் இன்னொரு இருபது முறை. சேர்வராயன் மலை வண்டிகளில் முன் சக்கர வயரை முதலில் சந்தேகப்படுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வயரோடு சேர்ந்த புது சென்சார், கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. இப்படிப்பட்ட பட்டறைகளின் குறையையும் சொல்ல வேண்டும். எல்லோரும் இவரைப் போல ஓட்டிப் பார்ப்பதில்லை. கோடில் 'இடது முன் சென்சார்' என்று வந்ததும் சென்சாரை மாற்றிவிடுபவர்களும் உண்டு. அந்தக் கோடு அந்த சக்கரத்தின் சர்க்யூட்டைத்தான் சொல்கிறது. சென்சார், வயர், கப்ளர், சென்சார் படிக்கும் பல் சக்கரம், பேரிங் எல்லாமே அதற்குள் அடக்கம். பல் சக்கரத்துக்குப் பதில் பேரிங்கின் ஒரு முகத்திலேயே காந்த வளையம் இருக்கும் வண்டிகளில், பேரிங்கைத் திருப்பி அடித்து மாட்டினாலும் இதே விளக்கு வரும். ஆகவே பட்டறையைத் தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதும்: "ஓட்டிக்கிட்டே நாலு வீல் ஸ்பீடும் காட்டுவீங்களா?" தயங்கினால் அடுத்த பட்டறைக்குப் போங்கள்.

பொருளில் என் விருப்பம் ஒரிஜினல் அல்லது பெயர் தெரிந்த கம்பெனி சென்சார். விலை குறைந்த பெயரில்லாதவை மாட்டும்போது சரியாக உட்காராமல் இடைவெளி மாறலாம். முறிந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது ஊருக்குப் போய்ச் சேர உதவும், அடுத்த மழை வரைதான் தாங்கும். பழைய வண்டியில் கழற்றிய சென்சார் வேண்டவே வேண்டாம், உங்களுடையதைப் போலவே அதுவும் முறியும் வயதில்தான் இருக்கும். யூனிட் மட்டும் விதிவிலக்கு. பழைய வண்டியில், உள்ளிருக்கும் போர்டைப் பிரித்து ரிப்பேர் செய்யும் நம்பகமான ஆள் கிடைத்தால், புதிதற்கு முன் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆக என் வரிசை: வாரண்டிக்குள் என்றால் ஷோரூம், கையில் குறிப்புத் தாளோடு, ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டும் பிடிவாதத்தோடு. வாரண்டி முடிந்திருந்தால் வீட்டு வாசலில் அரைமணி நேரம், அதன்பின் ஓட்டிப் பார்க்கும் பட்டறை. யூனிட்தான் என்று அங்கே உறுதியானால் மட்டும் திரும்ப ஷோரூம்.

வேலை முடிந்ததும் நேராக மலை ஏறிவிடாதீர்கள். சில வண்டிகளில் கொஞ்ச தூரம் ஓடிய பிறகே விளக்கு அணையும், சிலவற்றில் ஸ்கேனரில் கோடை அழிக்க வேண்டும். யாரும் இல்லாத ஒரு மண் திடலில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக்கை ஓங்கி மிதித்துப் பாருங்கள். காலுக்கடியில் பெடல் படபடவென்று அதிர வேண்டும், ஸ்டியரிங் திருப்பினால் வண்டி திரும்ப வேண்டும். என் வண்டி அதிர்ந்தது. அன்று சாயங்காலமே அடிவாரம் தாண்டி ஏறினேன், இரண்டாம் கியரில், தூறலோடு.