மெல்லிய பார்டர்: படத்துக்கு உள்ளேயா, வெளியேயா?

போட்டோஷாப்பில் ஸ்ட்ரோக்கை (ஓரக்கோடு போடும் வசதி) ‘இன்சைடு’ என வைத்தால் கோடு படத்தின் மேலேயே விழும். அளவு மாறாது, வேலை நொடியில் முடியும். ஆனால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 10 பிக்சல் கோடு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. போட்டோ லேபில் பார்டர்லெஸ் (ஓரத்தில் வெள்ளை விடாத) பிரிண்ட் போடும்போது படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுவார்கள். இடப்பக்கம் கோடு இருக்கும், வலப்பக்கம் காணாமல் போயிருக்கும்.

கேன்வாஸைப் (படம் உட்காரும் பின்பரப்பு) பெரிதாக்கி, கோட்டை உள்ளே தள்ளுவதுதான் என் கட்சி. 4×6 அங்குல பிரிண்டுக்கு 1800×1200 பிக்சல் வெள்ளைக் கேன்வாஸ். நடுவில் 1500×1125 அளவில் படம், அதைச் சுற்றிக் கறுப்புக் கோடு. மேலும் கீழும் 3 மில்லிமீட்டர் வெள்ளை, பக்கங்களில் இன்னும் தாராளம். வெட்டு வெள்ளையோடு போகும். மொபைலில் எடுத்த 4:3 படம் முழுதாக அடங்குவதால் யார் தலையும் போகாது. படம் கொஞ்சம் சிறிதாகும்தான். ஆல்பத்துக்கு அது போதும்.