'ஒன் எனி சண்டே': எங்கள் கராஜில் பல வருடமாக ஓடும் படம்

'ஒன் எனி சண்டே' 1971 இல் வெளிவந்த அமெரிக்க ஆவணப்படம். மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டிகளையும் அதில் ஓடுகிறவர்களையும் பற்றியது. இலங்கையின் வடக்கே பரந்தனில் எங்கள் கராஜில் இது பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வேலை பழக வந்த பொடியள், பைக்கைத் திருத்தக் கொடுத்துவிட்டு வாங்கில் காத்திருந்தவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் என்று பார்த்தவர்கள் ஏராளம். சிலர் பத்து நிமிடத்தில் எழும்பிப் போனார்கள். சிலர் பைக் தயாரான பிறகும் போகாமல் இருந்து பார்த்தார்கள். இவ்வளவு காலம் வைத்துப் பார்த்ததில் இந்தப் படம் எதற்கு நல்லது, எங்கே சறுக்குகிறது, யாருக்கு ஒத்துவராது என்று எனக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது.

இயக்கியவர் புரூஸ் பிரவுண். 1966 இல் கடலலைச் சறுக்கு பற்றிய 'தி எண்ட்லெஸ் சமர்' படத்தால் பெயர் எடுத்தவர். நடிகர் ஸ்டீவ் மக்குயின் தன் கம்பனி மூலம் பணம் போட்டதோடு தானும் படத்தில் ஓடுகிறார். சிறந்த ஆவணப்படத்துக்கான ஒஸ்கார் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. மக்குயினைத் தவிர இன்னும் இரண்டு பேரைப் படம் பின்தொடர்கிறது. ஒருவர் மேர்ட் லாவில், 1969 இன் அமெரிக்கத் தேசியச் சம்பியன். மற்றவர் மல்கம் சிமித். காடு, மலை, மணல் எதிலும் ஓடக்கூடியவர், 1970 இல் ஸ்பெயினில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் தங்கப் பதக்கம் எடுத்தவர்.

பொடியளின் முதல் முறைப்பாடு, கதை இல்லை என்பது. கைபேசியில் மோட்டோ ஜிபி பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் காலத்து வேகம் வேகமாகவே தெரிவதில்லை. வில்லன் கிடையாது. கடைசியில் யார் வெல்லப்போகிறார் என்ற பதைப்பையும் இயக்குநர் பெரிதாக ஏற்றவில்லை. பின்னணிக் குரல் பிரவுணுடையதே. படம் முழுக்கப் பேசுகிறார், இடைக்கிடை பகிடி விடுகிறார். இங்கிலீஷ் விளங்காதவருக்கு அது வெறும் இரைச்சல், விளங்கினவருக்கும் சில இடங்களில் அலுக்கும். பாட்டில் இனிப்புக் கூடிவிட்டது. ஒவ்வொரு போட்டி வகையையும் அறிமுகம் செய்கிற பகுதி இன்றைக்கும் எனக்கு இழுவையாகத்தான் இருக்கிறது. மக்குயினின் பெயரைக் கேட்டுப் பார்க்க வந்தவர்களுக்கும் ஏமாற்றம், ஏனென்றால் அவர் வருகிற நேரம் குறைவு. இந்த முறைப்பாடுகள் எல்லாம் நியாயமானவை. படம் பார்த்துவிட்டு யாரும் இப்படிச் சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை.

லாவிலின் பகுதிக்கு மட்டும் மறுத்துப் பேசுவேன். படத்தின் கதை அங்கேதான் இருக்கிறது. முந்தின வருடம் வென்றதால் 1970 முழுக்க அவருடைய பைக்கில் 1 ஆம் இலக்கத் தகடு. அந்தத் தகட்டைக் காப்பாற்ற அவர் படும் பாடுதான் படத்தின் முதுகெலும்பு. ஒரு தேசியச் சம்பியன் தானே இரவிரவாக என்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறார், தானே பைக்கை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். ஒரு மைல் மண் வட்டம், அரை மைல் வட்டம், குறுவட்டம், மேடு தாவுகிற ரி.ரி., தார் ரோட்டுப் போட்டி என்று ஐந்து விதமான ஓட்டத்திலும் புள்ளி சேர்க்க வேண்டும். ஒன்றுக்குச் சரிவருகிற கியர் மற்றதற்குச் சரிவராது. ஒவ்வொரு கிழமையும் பைக்கைப் புதிதாகத் தயார் பண்ண வேண்டிய நிலைமை.

லாவில் ஓடியது ஹார்லி டேவிட்சன். அந்த வருடம்தான் அந்தக் கம்பனி எக்ஸ்.ஆர்.750 என்ற போட்டிப் பைக்கை இறக்கியது. என்ஜினின் ஹெட்டும் சிலிண்டரும் வார்ப்பிரும்பு. சூடு இலேசில் இறங்காது. சூடேற ஏற இழுவை விழும், விட்டால் என்ஜினே போய்விடும். 1972 இல் அலுமினியத்தில் செய்த பிறகுதான் அந்தப் பைக் தன் பெயரை எடுத்தது. படம் இதை விரித்துச் சொல்லாது. தெரிந்துகொண்டு பார்த்தால், லாவில் ஓட்டத்தின் நடுவே நின்றுபோய் ஓரமாக ஒதுங்குகிற இடங்கள் வேறு மாதிரித் தெரியும். ஓட்டக்காரனில் பிழையில்லை, பைக் கைகொடுக்கவில்லை. சம்பியன் பட்டம் டிரயம்ப் ஓடிய ஜீன் ரொமேரோவுக்குப் போனது.

எனக்குத் தொழில் பழக்கிய அண்ணை இந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு, "இவன் எங்கட ஆளடா" என்றார். அவர் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னியில் எம்.டி.90 என்ற சின்ன ஹொண்டா மோட்டார் சைக்கிள்களைத் திருத்தியவர். பெற்றோல் உள்ளே வராது. எப்படியோ வந்து சேர்ந்தது போத்தில் கணக்கில் விற்கும், சாதாரண ஆள் வாங்க முடியாது. மண்ணெண்ணெயில் ஓடினோம். ஸ்டார்ட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோல், என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய். பிளக்கில் கரி அப்பும், கழற்றித் துடைத்துப் போட வேண்டும். ஏற்றத்தில் சூடேறி இழுக்காமல் நிற்கும். புதுச் சாமான் வராது, உள்ள சாமானைத் தேய்த்து, கடைந்து, வேறொன்றிலிருந்து கழற்றித்தான் ஓட வைத்தார்கள். அண்ணைக்கு அமெரிக்காவும் தெரியாது, ஹார்லியும் தெரியாது. ஆனால் விடிவதற்குள் ஒரு என்ஜினை எழுப்பியே ஆகவேண்டும் என்றால் ஒரு மனிசனின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நான் இந்தப் படத்தை அதிகம் பயன்படுத்தியது பொடியளுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கத்தான். மண் வட்டத்தில் ஓடுகிறவர்கள் இடது சப்பாத்தின் அடியில் இரும்புத் தகடு போட்டிருப்பார்கள், ஏனென்றால் ஓட்டம் முழுக்க இடப்பக்கம்தான் திரும்பும். முன் பிரேக் கிடையாது. திருப்பத்தில் பின் ரயர் வெளியே சறுக்கும், ஹாண்டிலை எதிர்ப்பக்கம் ஒடித்து, இடது காலை நிலத்தில் உரசிக்கொண்டே போவார்கள். பிரவுண் இதை மெதுவோட்டத்தில் கிட்டவாகக் காட்டுகிறார். தகடு மண்ணைத் தொடுகிறது, புழுதி கோடாக எழும்புகிறது, முழங்கால் நடுங்குகிறது, தோளும் தலையும் மட்டும் அசையவில்லை. நான் அந்த இடத்தில் நிற்பாட்டி, முன் சில்லு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பொடியளைக் கேட்பேன். கிரவல் ரோட்டில் பயந்துபோய் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து விழுந்தவர்களின் பைக்குகள்தான் எங்களிடம் அதிகம் வருகின்றன. ஏன் விழுந்தார் என்று விளங்கினால்தான் வளைந்த போர்க்கை, அதாவது முன் சில்லைத் தாங்குகிற கவையை, எங்கே பார்ப்பது என்று விளங்கும். மேடு தாவி இறங்குகிற காட்சியும் அப்படித்தான். போர்க் முழுக்க அமுங்கி எழும்புவதைக் கண்ணால் பார்த்த பொடியனுக்கு, போர்க் ஒயில் ஏன் சரியான அளவில் விட வேண்டும் என்று இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை. அந்த மெதுவோட்டத்துக்காக 12 வோல்ட் கமராவை 24 வோல்ட் பற்றரியில் ஓட்டினார்களாம். படம் பிடிக்கவில்லை என்ற பொடியள்கூட இதைக் கேட்டுக் கண்ணை விரித்தார்கள்.

விழுகிற காட்சிகளில்தான் எனக்கும் படத்துக்கும் உண்மையான மனத்தாங்கல். பிரவுண் அவற்றை இலகுவாக எடுத்துக்கொள்கிறார். காயத்தோடு ஓட வருகிறவர்களைப் பற்றிச் சொல்லும்போதும் குரலில் அதே உற்சாகம். எங்கள் வாங்கில் இருக்கிறவர்களில் செயற்கைக் கால் போட்டவர்களும் உண்டு, உடம்பில் செல் குண்டின் துண்டோடு திரிகிறவர்களும் உண்டு. அந்த இடத்தில் யாரும் சிரிப்பதில்லை. அம்மாமார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இப்போது அப்படி ஒருவர் இருந்தால் நான் அந்தப் பகுதியைத் தாண்டிப் போட்டுவிடுவேன்.

மிதிவெடி அகற்றும் வேலையில் இருந்த அக்கா ஒருவர் ஸ்கூட்டியைச் சேர்விஸுக்குக் கொடுத்துவிட்டுப் பாலைவனக் காட்சியைப் பார்த்தார். நூற்றுக்கணக்கான பைக்குகள் ஒரே வரிசையில் நின்று, தூரத்துப் புகையைக் குறிவைத்து, பாதையே இல்லாத நிலத்தில் விரிந்து பாய்கிற காட்சி. படத்தைப் பிடிக்காதவர்களும் இதை ரசிப்பார்கள். அக்கா ஓடுகிறவர்களைப் பார்க்கவில்லை, நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாதையை விட்டு இறங்கினவை எல்லாரும் திரும்பி வருகினம், என்ன?" என்று கேட்டார். முகமாலைப் பக்கம் முழந்தாளில் இருந்து சாண் சாணாக நிலத்தைத் துப்புரவாக்கினவர்களில் அவரும் ஒருவர். இந்தக் காட்சியைப் பற்றி இதைவிடச் சரியான கருத்தை நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை. மிதிவெடி என்று எச்சரிக்கிற மண்டையோட்டுப் பலகை இல்லாத நிலத்தில் நினைத்த பக்கம் திருப்பி ஓடலாம் என்பது எவ்வளவு பெரிய விசயம் என்று அந்தப் படத்தை எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்காது.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது கருத்துகள் அப்படியே மாறின. கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலம். தண்ணி இறைக்கிற மோட்டருக்கு எண்ணெய் தேடி அலைந்த கமக்காரர் ஒருவர், முன்பு இந்தப் படத்தை விரும்பிப் பார்த்தவர், "நிப்பாட்டு தம்பி, பார்க்க வயிறு எரியுது" என்றார். சரி, நிற்பாட்டினேன். அந்த மாதங்களில் எங்களுக்கும் பைக் வேலையைவிடச் சைக்கிள் வேலைதான் கூட வந்தது. அப்போது தொடக்கக் காட்சியை மட்டும் போட்டால் யாருக்கும் மறுப்பில்லை. சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் புழுதி கிளப்பி, வாயால் என்ஜின் சத்தம் போடுகிற காட்சி அது. பி.எம்.எக்ஸ். ஓட்டம் பரவ அதுவும் ஒரு காரணம் என்பார்கள்.

பெண்கள் பெரும்பாலும் கரையில் நின்று பார்ப்பவர்களாகத்தான் வருகிறார்கள். எம்.டி.90 ஓடிய பெண்களைக் கண்டு வளர்ந்த ஊருக்கு இது பெரிய குறை. பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் படம் போதியளவு சொல்லவில்லை.

படத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். லாவில் பிற்காலத்தில் செயற்கைக் கை வடிவமைத்தார். போட்டி விபத்தில் ஒரு கையை இழந்த சக ஓட்டக்காரர் மறுபடி ஓடுவதற்காகச் செய்தது, பிறகு மற்றவர்களுக்கும் செய்து கொடுத்தார். ஹாண்டிலில் பூட்டிக் கழற்றக்கூடிய கை அது. இதை நான் சொன்ன பிறகு படத்தை மறுபடி போடச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். வலது கால் இல்லாதவருக்குப் பின் பிரேக்கைக் கைக்கு மாற்றுவது, இடது கால் இல்லாதவருக்குக் கியரைக் கைக்குக் கொண்டுவருவது, பக்கச் சில்லு பூட்டுவது எல்லாம் இங்கே எங்கள் கராஜில் வழமையான வேலை. அப்படியொரு பைக்குக்காகக் காத்திருந்த ஒருவர், லாவில் என்ஜின் பிரிக்கிற காட்சியில், "இவர்தானே அந்தக் கை செய்தவர்?" என்று கேட்டுவிட்டு ரிவிக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டார்.

நல்ல பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள். பழைய தட்டுகளில் புழுதியும் பைக்கும் ஒன்றாகக் கலந்து ஒன்றும் தெரியாது. ஒன்றரை மணி நேரத்தையும் ஒரே இருப்பில் பார்க்க வேண்டியதில்லை. தொழில் பழகுகிற பொடியனுக்கு லாவில் பகுதியும் மண் வட்டமும் போதும். ஓட ஆசைப்படுகிறவனுக்குச் சிமித்தின் ஸ்பெயின் பகுதி, பைக்கை எப்படி நோகாமல் கொண்டுபோவது என்று அதில் பார்க்கலாம். தமிழ் உபதலைப்பு இல்லாதது பெரிய இடைஞ்சல். ஆங்கிலம் படிப்பிக்கிற என் மச்சாளும் நானும் லாவில் பகுதிக்கு எழுதத் தொடங்கியிருக்கிறோம், சாமான்களுக்குக் கராஜில் வழங்குகிற பெயர்களையே போடுகிறோம். ஸ்பெயின் பகுதியை யாராவது எடுத்துச் செய்ய முன்வந்தால் நல்லது.