9100, எல்பிஆர், ஐபிபி: நெட்வொர்க் பிரிண்டருக்கு எந்த வழி?

விண்டோஸ் கணினியில் நெட்வொர்க் பிரிண்டரின் போர்ட் அமைப்பைத் திறந்தால் ‘ரா’ (9100), ‘எல்பிஆர்’ (லைன் பிரிண்டர் ரிமோட்) என இரண்டு தேர்வுகள் இருக்கும். பிரிண்டரின் சொந்த அமைப்புப் பக்கத்தில் இவற்றோடு ஐபிபி (இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால்) என்ற மூன்றாவதும் தென்படும். மூன்றுமே அச்சுப்பணியைக் கணினியிலிருந்து பிரிண்டருக்குக் கொண்டுசெல்லும் நெறிமுறைகள்தாம் என்றாலும், பிரிண்டர் கணினிக்கு என்ன பதில் தருகிறது என்பதில் அவை வெகுவாக வேறுபடுகின்றன. வேகத்தைவிட அந்தப் பதிலைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

எல்பிஆர் மூன்றிலும் மூத்தது. பெர்க்லி யூனிக்ஸில் தோன்றி, 1990இல் ஆர்எஃப்சி 1179 என்ற ஆவணமாக எழுதப்பட்ட இம்முறையில் பிரிண்டர் 515ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது ஒரே கருவிக்கு வரும் இணைப்புகளைப் பிரித்தறியும் எண்) காத்திருக்கும். அனுப்பியவர் யார், பணியின் பெயர் என்ன என்பவற்றைச் சொல்லும் கட்டுப்பாட்டுக் கோப்பும், அச்சிட வேண்டிய தரவுக் கோப்பும் தனித்தனியே செல்லும். அனுப்பும் கணினி 721 முதல் 731 வரையிலான போர்ட்டுகளையே பயன்படுத்த வேண்டும் என்று அந்த ஆவணம் விதிக்கிறது. விதியை அப்படியே பின்பற்றும் கணினி சிறு பணிகளை அடுத்தடுத்து அனுப்பினால் 11 போர்ட்டுகளும் தீர்ந்துபோய், பழைய இணைப்புகள் முற்றிலும் விடுபடும்வரை வரிசை நின்றுவிடும். வரிசையின் நிலையைக் கேட்க முடியும். ஆனால் பதிலுக்கு வரையறுத்த வடிவம் இல்லாததால், மென்பொருள் அதை நம்பிப் பயனில்லை.

‘ரா’ எனப்படும் 9100ஆம் போர்ட், பிரிண்டரை நெட்வொர்க்கில் இணைக்கும் எச்பியின் ஜெட்டைரக்ட் அட்டைகள் வழியாகப் பரவியது. இணைப்பைத் திறந்து, பைட்டுகளைக் கொட்டி, மூடிவிட்டால் வேலை முடிந்தது. இந்த எளிமையால்தான் பில் பிரிண்டர்களும் லேபிள் பிரிண்டர்களும் இன்றும் இதை விடவில்லை. தாள் தீர்ந்ததா என்பதை அறிய எஸ்என்எம்பி என்ற வேறொரு நெறிமுறையின் துணையை விண்டோஸ் நாடுகிறது. அதன் அமைப்பு பொருந்தாதபோது, நன்றாக வேலை செய்யும் பிரிண்டரே ‘ஆஃப்லைன்’ என்று காட்டப்படும். போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி நிலைக்கான தேர்வை நீக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதைவிடப் பெரிய குறை, கடவுச்சொல்லோ மறையாக்கமோ இல்லாமை. 2018 இறுதியில், இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த பிரிண்டர்களில் ஒரு யூடியூபருக்கு ஆதரவு கேட்கும் தாள்களை ஒருவர் இந்தப் போர்ட் வழியாகவே அச்சிட்டார். சுமார் 50,000 பிரிண்டர்கள் என்பது அவர் சொன்ன கணக்கு.

ஐபிபி பிற்காலத்தது, அதன் 1.1 பதிப்பு 2000இல் வந்தது. 631ஆம் போர்ட்டில், இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபியின் மேல் இயங்குகிறது. அச்சிடுவதற்கு முன்பே, எந்த அளவுத் தாள்கள் உண்டு, இருபுறமும் அச்சாகுமா, எந்தக் கோப்பு வகைகள் ஏற்கும் என்றெல்லாம் கணினி கேட்க, பிரிண்டர் ஒழுங்கான வடிவில் பதில் தரும். ஒவ்வொரு பணிக்கும் எண் கிடைப்பதால், அதன் நிலையை விசாரிக்கலாம், ரத்தும் செய்யலாம். டிரைவர் (அந்தந்த பிரிண்டருக்கான தனி மென்பொருள்) இல்லாமலே அச்சிட வழி பிறந்தது இதனால்தான். 2010இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏர்பிரிண்ட் என்ற டிரைவரற்ற அச்சு வசதி ஐபிபியின் மேல் அமைந்ததே. டிஎல்எஸ் மறையாக்கமும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் தாளை ஸ்டேப்பிள் செய்வது, துறைவாரியாகக் கணக்கு வைப்பது போன்ற வசதிகளுக்குச் சில பிரிண்டர்களில் தயாரிப்பாளரின் டிரைவரே தேவைப்படும்.

புதிய பிரிண்டர் வாங்கும் அலுவலகம் ஐபிபியையே முதலில் முயல வேண்டும். பில் மென்பொருளோ பழைய இயந்திரமோ கட்டாயப்படுத்தினால் 9100 போதும். வெளியிலிருந்து அந்தப் போர்ட்டை அணுக முடியாதபடி ரவுட்டரில் அடைத்திருக்க வேண்டும். எல்பிஆர், வேறொன்றும் அறியாத பழைய சர்வர்களுக்கு மட்டுமே. எதை எடுத்தாலும், பிரிண்டருக்கென ஓர் ஐபி முகவரியை ரவுட்டரின் டிஹெச்சிபி (கருவிகளுக்கு முகவரி வழங்கும்) அமைப்பில் ஒதுக்கி வைப்பது நல்லது. முகவரியை நேரடியாகக் கொடுத்து அமைத்த போர்ட், அது மாறிய அன்றே பிரிண்டரைத் தொலைத்துவிடும்.