மாம்பழ பானம், 600 மில்லி: ஒரு கதுப்புக்கும் குறைவான பழம்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில், மே மாத வெயிலில் சேலம் வண்டிக்காகக் காத்திருந்தபோது வாங்கிய 600 மில்லி மாம்பழ பானத்தைப் பற்றிய மதிப்புரை இது. நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. அதே குளிர்பெட்டியில் இருந்த வேறு இரண்டு நிறுவனங்களின் புட்டிகளையும் திருப்பிப் பார்த்ததில், எண்களில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. மாங்கூழ் ஆலைகளுக்குப் பெயர்போன மாவட்டத்தில், பெங்களூரா மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தரும் தள்ளுவண்டிக்கு எதிரிலேயே நின்றுகொண்டு புட்டி மாம்பழம் வாங்கியது சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

சுவையைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. நல்ல குளிர்ச்சியில் முதல் நான்கு வாய் அருமையாக இறங்குகிறது. தொண்டையில் லேசாக ஒட்டும் அந்தக் கெட்டித்தன்மை, தாகத்தில் இருப்பவருக்கு வயிறு நிறைவதுபோன்ற எண்ணத்தைத் தருகிறது. ஆனால் பாதிப் புட்டி மீதமிருக்கையில் பேருந்து வந்துவிட்டது. தருமபுரியைத் தாண்டியபின் வெதுவெதுப்பாகிவிட்ட மீதியை வாயில் வைத்தபோது அது பழரசமாக இல்லை, பாகாக இருந்தது. குளிர்ச்சி நாவின் இனிப்புணர்வை மழுக்கிவிடும் என்பதால், இத்தகைய பானங்களின் உண்மையான இனிப்பு சூடேறிய பிறகுதான் தெரியவருகிறது. வாசனையிலும் ஓர் ஐயம் உண்டு. ஆலைகள் பெரும்பாலும் வாங்கும் கிளிமூக்குப் பழத்துக்கு (பெங்களூராவின் இன்னொரு பெயர்தான் இது) இயல்பிலேயே மணம் குறைவு. புட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைத்த மணமோ அல்போன்சாவை நினைவூட்டியது. சேர்க்கப்பட்ட நறுமணம் என்று பின்பக்கத்தில் பொடியெழுத்தில் இருந்தது.

அந்தப் பொடியெழுத்தைத்தான் வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். எடையில் அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது உட்பொருள் பட்டியலுக்கான விதி. அதன்படி முதலில் நீர், அடுத்தது சர்க்கரை, மூன்றாவதாகத்தான் 11 சதவீத மாங்கூழ்; பிறகு சிட்ரிக் அமிலமும் செயற்கை நிறமும். பழ பானம் என்று விற்பதற்குப் பொதுவாக 10 சதவீதப் பழம் இருந்தால் போதும் என்று உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிப்பதால் இதில் சட்டமீறல் ஏதுமில்லை. 600 மில்லியில் 11 சதவீதம் என்பது ஏறக்குறைய 66 கிராம் கூழ். பெரிய மாம்பழம் ஒன்றின் ஒரு கதுப்பைச் சீவினால்கூட இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். சர்க்கரையோ 100 மில்லிக்கு 13.5 கிராம், அதில் 12 கிராம் ஆலையில் சேர்க்கப்பட்டது. நன்கு பழுத்த மாம்பழத்திலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ இதே அளவு சர்க்கரைதான் இருக்கும். பழம் ஒன்பதில் ஒரு பங்கு, இனிப்பு மட்டும் முழுப் பங்கு என்பதே இந்தப் புட்டியின் கணக்கு.

முழுப் புட்டிக்கான 81 கிராம் சர்க்கரையைச் சமையலறைத் தராசில் நிறுத்து ஒரு காபி தம்ளரில் கொட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, வீட்டில் பாயசத்துக்குக்கூட ஓர் ஆளுக்கு இவ்வளவு போடமாட்டேன் என்றார். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரையைத் தாண்டக்கூடாது என்பதுதான் இந்திய உணவுச் சிட்டைகளில் கையாளப்படும் அளவு. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த வரம்பும் இதையொட்டியதே, அதிலும் பாதியாகக் குறைப்பது இன்னும் நல்லது என்று அது கூறுகிறது. இந்தப் புட்டியில் சேர்க்கப்பட்டது மட்டும் 72 கிராம். சிட்டையிலோ 48 சதவீதம் என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள், ஏனெனில் அது 200 மில்லி கொண்ட ஒரு பரிமாறலுக்கான கணக்கு. பேருந்தில் ஏறுகிற எவரும் புட்டியை மூன்று பேருக்குப் பங்கிட்டு ஊற்றிக்கொண்டிருப்பதில்லை.

ஒரு நாள் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. நாள்தோறும் குடிப்பதில்தான் சிக்கல். மூன்று மாம்பழங்களைக் கடித்துத் தின்றால் நார்ச்சத்தும் மெல்லும் உழைப்பும் சேர்ந்து வயிற்றை நிறைத்துவிடும், அடுத்த வேளைச் சோறு தானாகக் குறையும். திரவமாக உள்ளே போகும் சர்க்கரையோ பசியைக் குறைக்காமல் விரைவாக இரத்தத்தில் கலக்கிறது, அதில் பாதியளவான ஃபிரக்டோஸ் கல்லீரலுக்குச் சென்று, மிகுதியாகும்போது அங்கே கொழுப்பாக மாறுகிறது. பல நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான பகுப்பாய்வில், நாளொன்றுக்கு ஒரு குவளை இனிப்பு பானம் கூடுதலாக அருந்துவோரிடம் இரண்டாம் வகை நீரிழிவு 18 சதவீதம் அதிகமாகவும், உடற்பருமனின் பங்கைக் கழித்த பின்னும் 13 சதவீதம் அதிகமாகவும் காணப்பட்டது. இவை மக்களைப் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வுகளே அன்றி ஆய்வகச் சோதனைகள் அல்ல. ஆயினும் 2023இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி நீரிழிவு உள்ளோர் 14.4 சதவீதமாக இருக்கும் தமிழ்நாட்டில் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

கோலாவைக் கண்டால் பிள்ளைகளை அதட்டும் வீடுகளில்கூட மாம்பழ பானம் தடையின்றி நுழைந்துவிடுகிறது. சர்க்கரை நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த என் சித்தப்பாவைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர், கையை வீசிக்கொண்டு வரக்கூடாதே என்று கொண்டுவந்ததும் இதையொத்த ஒரு புட்டிதான். வரி விதிப்பும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் இனிப்பூட்டிய வாயு பானங்களுக்கு 40 சதவீதச் சரக்கு மற்றும் சேவை வரி, வாயு கலக்காத பழக்கூழ் பானங்களுக்கோ 12லிருந்து 5 ஆகக் குறைப்பு.

ஆகவே, தாகத்துக்கென்றால் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். முடித்த அரை மணி நேரத்தில் மறுபடியும் தண்ணீர் தேடினேன். சுவைக்காக வேண்டுமென்றால், இதே நிறுவனம் விற்கும் சிறிய அட்டைப் பொட்டலத்தை நன்கு குளிரவைத்து, எப்போதாவது ஒருமுறை அருந்தலாம். பெரிய புட்டிக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண், இரண்டும் அந்த முதல் நான்கு வாய்க்காக.