பழைய மெயிலை எல்லாம் வீட்டு கம்ப்யூட்டருக்கு இறக்கி நாலு வருஷம் ஆச்சு

ஜிமெயில்ல 15 ஜிபி ரொம்பிப்போச்சுன்னு வார்னிங் வந்துட்டே இருந்துச்சு, மாசாமாசம் காசு கட்ட மனசு வரல, சரி பழசையெல்லாம் தண்டர்பேர்ட் (கம்ப்யூட்டர்ல மெயில் பாக்கற இலவச சாஃப்ட்வேர்) போட்டு வீட்டு பிசிக்கு இறக்கிடுவோம்னு ஆரம்பிச்சேன்.

எடுத்த எடுப்புலயே சொதப்பல். ஐமேப்ல கனெக்ட் பண்ணதும் மெயில் எல்லாம் வரிசையா தெரிஞ்சுதா, ஆகா பேக்கப் ஆயிருச்சுன்னு நெனச்சு ஜிமெயில்ல போய் 2009 மெயிலை மொத்தமா அழிச்சேன், கொஞ்ச நேரத்துல இங்கயும் காணோம். ஐமேப்னா அங்க இருக்கறதத்தான் இங்க காட்டும், அங்க போனா இங்கயும் போச்சு. ட்ராஷ்ல 30 நாள் இருக்குமேன்னு ஓடிப்போய் மீட்டேன். தண்டர்பேர்ட்ல இருக்கற "லோக்கல் ஃபோல்டர்ஸ்"க்குள்ள காப்பி பண்ணாதான் நம்ம டிஸ்க்ல நிக்கும். மூவ் வேணாங்க, காப்பி பண்ணி நாலஞ்சு மெயிலை அட்டாச்மென்ட்டோட திறந்து பாத்துட்டு அப்புறமா அங்க அழிங்க.

அடுத்த கூத்து, இறக்கினத பென்டிரைவ்ல காப்பி பண்ணப் போனப்ப. எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல கொட்டியிருந்தேன், தண்டர்பேர்ட் சாதாரணமா ஒரு ஃபோல்டர எல்லா மெயிலும் ஒண்ணா சேர்ந்த ஒரே ஃபைலாத்தான் (எம்பாக்ஸ்னு பேரு) வைக்கும், அது 11 ஜிபி ஆயிருச்சு. 32 ஜிபி டிரைவ்ல பாதிக்கு மேல காலி, ஆனா ஃபைல் பெருசுன்னு வாங்கவே மாட்டேங்குது! டிரைவ் ஃபேட்32ங்கற பழைய ஃபார்மட்ல இருந்துச்சு, அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிய தாண்டக்கூடாதாம். பெரிய ஃபைலையும் வாங்கற எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்தி ஃபார்மட் பண்ணேன், மெயிலையும் வருஷத்துக்கு ஒரு ஃபோல்டரா பிரிச்சேன். அப்பறம் தண்டர்பேர்ட்ல எதையாவது அழிச்சா அந்த ஃபோல்டருக்கு "காம்பேக்ட்" குடுக்கணும், இல்லன்னா ஃபைல் சைஸ் குறையாது.

தேடுறது ஜிமெயில் அளவுக்கு வராது, அது ஒரு குறைதான். ஆனா நெட் இல்லாதப்பவும் தேடலாம், எல்ஐசி ரசீது, பழைய ரயில் டிக்கெட்லாம் டக்குனு கிடைச்சிருக்கு.

2005ல பெரியப்பா அனுப்பின மெயில் மட்டும் திறந்தா ஒரே கிறுக்கலா இருந்துச்சு. என்னடா ஃபைல் கெட்டுப்போச்சான்னு பதறிட்டேன், பாத்தா அப்ப டிஸ்கியில (யூனிகோடு பரவறதுக்கு முன்னாடி இருந்த தமிழ் எழுத்துக் குறியீடு) டைப் பண்ணது. காப்பி பண்ணி என்ஹெச்எம் கன்வர்ட்டர்ங்கற எழுத்து மாத்தற சாஃப்ட்வேர்ல போட்டு யூனிகோடா மாத்தினா ஒவ்வொரு வரியா தமிழ் வருது, மாங்கா நல்லா காய்ச்சிருக்கு, லீவு கிடைச்சா வான்னு எழுதியிருக்கார். மாத்தினத தனியா ஒரு டெக்ஸ்ட் ஃபைலா போட்டு வச்சேன், இன்னும் முப்பது மெயிலாவது அப்படி கிடக்கு, ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு மூணுன்னு போயிட்டிருக்கு.