நோர்வே தேவாலயப் பதிவேடுகளில் ஏழு வருடம்

ஸ்தவாங்கரில் இருக்கும் என் சிநேகிதி போன கிழமை போன் எடுத்தாள். அவளுடைய மருமகள் நோர்வேஜியப் பெண். முப்பதாவது பிறந்தநாளுக்கு அவளுடைய வம்சாவளியை எடுத்துப் பரிசாகக் கொடுக்க வேண்டுமாம். "நீ உன் நோர்வேஜிய மாமிக்காகத் தேடினாயே, எந்தத் தளத்துக்குக் காசு கட்டினாய்? ஒரு வருடச் சந்தா பிரயோசனமா?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காசு கட்ட வேண்டாம். நோர்வேயின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் டிகிட்டாலார்க்கீவெ தளம் இலவசம். பழைய பங்குகளின், அதாவது தேவாலய வட்டாரங்களின், ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் எல்லாம் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். இந்த நாட்டில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய பதிவேடு அண்டெபூ பங்கினுடையது, 1623இல் தொடங்குகிறது. நூறு வருடம் கழிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும் அங்கேயே உண்டு. 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரின் பிறந்த தேதியும் இருப்பதால் அங்கிருந்து தொடங்குவதுதான் லேசு.

எனக்குப் பிடித்தது 1865. ஆட்களோடு மாடு, ஆடு, விதைத்த தானியம், உருளைக்கிழங்கு வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். என் மாமியின் வழியில் ஒருவர் சொந்தக் காணி இல்லாத குத்தகைக் குடியானவர். ஒரு பசு, ஆறு செம்மறி. அந்த வரியை வாசித்துக் காட்டியபோது மாமி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "ஒரு பசுவா? எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். ஏழு.

எழுத்துதான் முதல் தடை. பழைய கோதிக் கையெழுத்தில் 'e' எழுத்தும் 'n' எழுத்தும் ஒன்றுபோல இருக்கும். 'u' என்பதற்கு மேலே ஒரு வளைவு போட்டால்தான் அது 'n' இல்லை என்று தெரியும். எழுத்து அட்டவணை ஒன்றை அச்செடுத்து மேசையில் ஒட்டி வைத்தேன். மூன்று மாதத்தில் கண் பழகிவிட்டது. தேதிக்குப் பதிலாகத் 'திரித்துவ ஞாயிறுக்குப் பின் ஐந்தாம் ஞாயிறு' என்று எழுதியிருப்பார்கள், அதற்குக் கணக்குப் போட வேண்டும். இவை பெரிய விஷயமில்லை.

பெயர் முறை நம் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஊலாவின் மகன் ஊல்சன், மகள் ஊல்ஸ்தத்தெர். தகப்பன் பெயர்தான் பின்னால் வரும். மூத்த மகனுக்குத் தகப்பனுடைய தகப்பனின் பெயர், அடுத்தவனுக்குத் தாயுடைய தகப்பனின் பெயர் என்று வைப்பது வழக்கம். நம்மிடம் 'பேரன்' என்ற சொல்லே பாட்டனின் பெயரைச் சுமப்பவன் என்பதிலிருந்து வந்ததுதானே. கடைசியில் வரும் பண்ணைப் பெயர் குடும்பப் பெயர் இல்லை, விலாசம். ஆள் வேறு பண்ணைக்குப் போனால் அந்தப் பெயரும் மாறும். மனைவியின் பண்ணையில் குடியேறிய மாப்பிள்ளை அந்தப் பண்ணையின் பெயரைத்தான் போட்டுக்கொள்வார். நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று சட்டம் வந்தது 1923இல்தான். மகளின் பள்ளிக்கூடத்தில் எனக்கும் என் அண்ணன் பிள்ளைகளுக்கும் ஏன் வேறு வேறு பெயர் என்று கேட்டபோது, "உங்கள் பூட்டனைக் கேளுங்கள்" என்று சொல்ல எனக்கு இப்போது தைரியம் இருக்கிறது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஞானப்பெற்றோர் வரிசை, அதாவது ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பாக நிற்பவர்களின் பெயர்கள். ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் ஐந்து பேர் அளவில் இருப்பார்கள். முதலில் அதைத் தாண்டிப் போய்விடுவேன். பிறகுதான் விளங்கியது, அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களும் பக்கத்துப் பண்ணைக்காரர்களும். ஒரே பங்கில் ஒரே பெயரில் மூன்று தகப்பன்மார் இருந்தால், எவர் நம்முடையவர் என்பதை இந்த ஐந்து பேர்தான் காட்டிக் கொடுப்பார்கள். பிள்ளையைக் கையில் ஏந்திப் போன பெண் யார் என்று சில குருமார் குறித்தும் வைத்திருக்கிறார்கள். சித்தியோ பெரியம்மாவோ மாமியோ, யாரோ ஒருத்தி பனியில் அந்தக் குழந்தையைப் போர்த்தி எடுத்துப் போயிருக்கிறாள். அந்தப் பெயர்களை வாசிக்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

சரி, இனி என் கோபம்.

மாமி கேட்டது தாய்வழியை மட்டும். அம்மா, அம்மம்மா, பூட்டி என்று பெண்களாகவே மேலே போக வேண்டும். வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கில் 1809இல் பிறந்த ஒரு பெண் வரை தடையில்லாமல் போனேன். அந்தப் பெண்ணின் தாய் 1783இல் பிறந்தவர். அவருடைய ஞானஸ்நானப் பதிவில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பண்ணை, ஞானப்பெற்றோர் ஐந்து பேர். பெற்றவளின் பெயர் இல்லை. 1812இல் உத்தரவு வந்து அச்சிட்ட கட்டங்கள் உள்ள புத்தகங்கள் புழக்கத்துக்கு வரும்வரை பல பங்குகளில் இப்படித்தான் எழுதினார்கள். பெற்றவள் அன்று கோயிலிலும் இல்லை. பிரசவமாகி ஆறு கிழமை அளவில், தாயைத் திரும்பக் கோயிலுக்குள் ஏற்கும் சடங்கோடுதான் வருவாள். அந்தச் சடங்கின் பதிவைத் தேடி எடுத்தேன். 'இன்னாரின் மனைவி' என்று இருந்தது.

இந்த இடத்தில்தான் நான் காசு கட்டிக் கெட்டேன். ஒரு கட்டணத் தளத்தில் யாரோ போட்டிருந்த குடும்ப மரத்தில் தாயின் பெயர் இருந்தது. பத்துப் பேர் அதையே பிரதி எடுத்திருந்தார்கள், நானும் நம்பினேன். அந்தப் பெண்ணின் குடும்பத்தைத் தேடி இரண்டு வருடம் போனது. பிறகு ஒரு நாள் 1801ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஆறுதலாக வாசித்தேன். எத்தனையாவது திருமணம் என்று அதில் குறிப்பார்கள். அந்தத் தகப்பனுக்கு இரண்டாவது, மரத்தில் தாய் என்று போட்டிருந்த பெண்ணுக்கு முதலாவது. அவளுடைய வயது 35. மூத்த பிள்ளையின் ஞானஸ்நானம் 1777இல். அப்போது இவளுக்குப் பதினொரு வயது! தளத்துக்கு எழுதிப் பார்த்தேன். அந்த மரம் இன்னும் அப்படியே இருக்கிறது.

அப்படியென்றால் எங்கள் ஆள் முதல் மனைவி. அடக்கப் புத்தகத்தில் தேடினேன். 1790களில் ஒரு வரி கிடைத்தது: இன்னாரின் மனைவி, வயது 41. அவ்வளவுதான். பண்ணைப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று மாமி சொல்லியிருக்கிறார், அதனால் விடுகிறேன். ஆனால் அவளுடைய பெயரை எழுத வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. என்னிடம் அது இல்லை.

இங்கே பெண்கள் கலியாணம் முடித்தாலும் தங்கள் தகப்பன் பெயரோடுதான் இருந்தார்கள். அவளுக்கென்று சாகும்வரை ஒரு முழுப் பெயர் இருந்தது. ஐந்து பிள்ளை பெற்றாள், ஐந்து தரமும் ஒரு வரி எழுத அந்தக் குருவானவருக்கு மை இருந்தது. பிற்காலத்தில் கன்றுக்கும் ஆட்டுக்கும் கணக்கு வைத்தவர்கள் இவளுக்கு ஒரு சொல் வைத்திருக்கலாம்.

ஐந்து ஞானஸ்நானங்களின் ஞானப்பெற்றோரையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஒரு பெண் நான்கில் வருகிறாள், பக்கத்துப் பங்கின் பண்ணைப் பெயரோடு. தங்கையாகத்தான் இருக்க வேண்டும் என்று என் மனம் சொல்கிறது. திருமணம் பெண்வீட்டுப் பங்கில்தான் வழக்கமாக நடக்கும், ஆகவே அங்கே போனேன். எனக்கு வேண்டிய அந்த வருடங்களுக்கான புத்தகம் இன்று இல்லை. 1812க்குப் பிறகென்றால் இன்னொரு பிரதியைக் கோயில் உதவியாளர் தனியாக வைத்திருப்பார். அதற்கு முன்னால் பெரும்பாலும் ஒன்றுதான், அது போனால் போனதுதான். இனி மிஞ்சியிருப்பது மரணத்துக்குப் பிறகு சொத்துப் பிரித்த பதிவுகள். சிறுபிள்ளைகளை விட்டுப்போன தாய் என்பதால் பெயர் எழுதியிருக்க வேண்டும். நான்கு மாதமாக அவற்றைத்தான் புரட்டுகிறேன்.

இதை எழுதும் இந்த இரவில் கேட்டால், பரிசாகக் கொடுக்காதே என்றுதான் சொல்வேன். தளம் அருமையானது, இலவசம், இதைவிட நேர்மையான காப்பகத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் மருமகளின் கையில் கொடுக்கும் தாளில் ஒரு தாயின் இடம் வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளையால் சும்மா இருக்க முடியாது. மாமியாலும் முடியவில்லை. எண்பதை நெருங்கிய வயதில், நான் போகும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான்.

நீ கேட்க மாட்டாய் என்றும் தெரியும். அதனால் ஒன்று செய். மருமகளின் பூட்டியின் பெயரும் பிறந்த ஊரும் கேட்டு அனுப்பு. 1910இலிருந்து 1814 வரை நான் பார்த்துத் தருகிறேன், சந்தாவுக்கு வைத்த காசில் நல்ல தாளில் அச்செடுத்துக் கொடு. அதற்கு முன்னால் போகச் சொல்லி மட்டும் என்னைக் கேட்காதே.