சுக்கானும் துடுப்பும் ஒரே கேள்விதான்

கடல் கயாக் (இருமுனைத் துடுப்பால் வலிக்கும் ஒடுக்கமான படகு) வாங்கப் போகிறவர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பார்கள். சுக்கான் வேண்டுமா? எந்தத் துடுப்பு? என் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

சுக்கான் திருப்புவதற்கு என்பது பாதி உண்மை. பக்கக் காற்றில் ஓடும் கயாக்கின் பின்முனையைக் காற்று தள்ளும். அணியம், அதாவது முன்முனை, காற்றை நோக்கித் திரும்பும். அதை அடக்கி நேரே ஓட்டுவதுதான் சுக்கானின் பெரிய வேலை. ஸ்கெக்கும் அதற்குத்தான், ஆனால் அது இடவலமாகத் திரும்பாது. அடியிலிருந்து இறங்கி ஏறும் தகடு, அவ்வளவே. பிரிட்டனில் ஸ்கெக்குக்கு மவுசு, வட அமெரிக்காவில் சுக்கானுக்கு. சுக்கானின் கம்பியும் மிதியும் பழுதாகலாம். ஸ்கெக் பெட்டியில் கூழாங்கல் சிக்கினால் தகடு இறங்காது.

இனி துடுப்பு. 1980களில் ஸ்வீடனில் உருவான விங் துடுப்பு, ஓரம் சுருண்ட கரண்டி போன்றது. படகை விட்டு வெளிப்புறமாக இழுக்கும்போது தண்ணீரில் அதிகம் வழுக்காது. வேகத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கவிழாமல் இருக்கத் தண்ணீரில் ஊன்றவோ, படகைத் திருப்பவோ கொடுத்தால் முரண்டு பிடிக்கும். அதனால் திருப்பும் வேலை சுக்கானை மிதிக்கும் காலுக்குப் போகிறது. ஒலிம்பிக் ஸ்பிரிண்ட் கயாக்குகளிலும், மேலே உட்கார்ந்து ஓட்டும் நீண்ட கடல் படகான சர்ஃப்ஸ்கீயிலும் சுக்கான் இருப்பது இதற்குத் தோதாகிறது.

கிரீன்லாந்துத் துடுப்பு நேர் எதிர். மரம் அரிதான கரையில், கடல் ஒதுக்கிய கட்டையில் செதுக்கியது. நீளம் ஒரு மாரும் ஒரு முழமும். அலகு, அதாவது தண்ணீரில் இறங்கும் தட்டைப் பகுதி, உள்ளங்கைக்குள் அடங்கும் அகலம். பிடியை நகர்த்தி ஒரு முனையை நீட்டிக்கொள்ளலாம். படகைச் சாய்த்து அந்த நீண்ட முனையால் வளைத்து வலித்தால், சுக்கான் இல்லாமலே படகு திரும்பும். இருபுறமும் ஒரே வடிவம் என்பதால், கவிழ்ந்து தலைகீழாகத் தொங்கும்போது எந்தப் பக்கம் எது என்று தேட வேண்டாம். இறங்கி நீந்த முடியாத பனிக்கடல் வேட்டைக்காரனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. காற்றும் அதை அதிகம் பிடுங்காது. குறை, நின்ற இடத்திலிருந்து சட்டென்று பாய வராது. அலை உடையும் இடத்தில் சாதாரண அகலத் துடுப்பே மேல்.

பாரம்பரியம் பேசிச் சுக்கானைக் கேலி செய்பவர்களுக்கு ஒரு தகவல்: துப்பாக்கி வந்தபின் கிரீன்லாந்து வேட்டைக்காரர்களே பின்முனையில் ஸ்கெக் கட்டிக்கொண்டார்கள். குறிபார்க்கும் கையால் துடுப்பு வலிக்க முடியாதே!

நாள் முழுக்கக் காற்றில் தனியே போகிறவருக்கு ஸ்கெக்கும் கிரீன்லாந்துத் துடுப்பும். நேரத்தோடு போட்டி போடுகிறவருக்குச் சுக்கானும் விங்கும். இருவர் கயாக் என்றால் வாதமே இல்லை, சுக்கான்தான். அந்த நீளத்தைச் சாய்த்துத் திருப்புவது லேசுப்பட்டதல்ல.